வயிற்றுப் பாலிப்புக்கு அரசு மருத்துவமனையை நம்பலாமா? ஒரு ஸ்கோப் பிரிவைப் பற்றிய மதிப்புரை

வயிற்றில் பாலிப், அதாவது உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி, இருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் கேட்பவை மூன்று கேள்விகள்தாம்: புற்றுநோயா, எங்கே எடுப்பார்கள், எவ்வளவு வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஆகும். மலேசியாவில், செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட்டில் வசிக்கும் எங்களுக்கு இம்மூன்றுக்கும் விடை ஊருக்கு வெளியேதான் இருக்கிறது. என் அக்காளுக்குச் சிகிச்சை அளித்த அரசு மருத்துவமனையின் ஸ்கோப் பிரிவை, அதாவது வாய்வழியே கேமராக் குழாயைச் செலுத்தி வயிற்றுக்குள் பார்க்கும் பிரிவைப் பற்றி இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப் போவதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்துவிட்டேன். பாலிப்பை எவ்வளவு லாவகமாக அறுத்து எடுத்தார்கள் என்பதை விட, அது ஏன் முளைத்தது என்று எவ்வளவு தூரம் தேடினார்கள் என்பதை வைத்தே இத்தகைய ஒரு பிரிவை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகோலில் இந்தப் பிரிவு மிக நல்ல பெயர் வாங்குகிறது. ஆனால் தேடிக் கண்டதை நோயாளிக்கு எடுத்துச் சொல்லும் வேலையில் சறுக்குகிறது.

அக்காள் ஐம்பதுகளின் இறுதியில் இருப்பவர். பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே முழங்கால் வலியும் அதற்கான மாத்திரையும் அவரோடு இருந்து வருகின்றன. சாப்பிட்டதும் வயிறு உப்புவது, சில நாட்களில் உண்டது அப்படியே வாந்தியாக வருவது, பிறகு ஒன்றுமே இல்லாததுபோல் சரியாகிவிடுவது ஆகியவற்றை வாய்வு என்று பெயரிட்டு, ஓமத்தண்ணீரிலும் மருந்தகத்தில் வாங்கிய அமிலக் குறைப்பு மாத்திரையிலும் சமாளித்து வந்தார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் சுகாதாரக் கிளினிக்குக்கு வந்தார். இரத்தச் சோதனையில் ஹீமோகுளோபின் குறைந்திருந்தது, இரும்புச்சத்தும் தீர்ந்திருந்தது. மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளான ஒரு பெண்ணுக்கு இரும்புச்சத்து குறைந்தால் குடலுக்குள் எங்கோ இரத்தம் கசிகிறது என்றே முதலில் எண்ண வேண்டும். அதை உணர்ந்து, வெறும் இரும்பு மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பாமல் மேல் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கிளினிக் மருத்துவரை இங்கே பாராட்டியாக வேண்டும்.

செலவு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குடிமக்களுக்குக் கிளினிக்கில் 1 வெள்ளி. அரசு மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர் பிரிவில் 5 வெள்ளி. தனியாரிடம் சென்றால் ஸ்கோப்புக்கு மட்டுமே ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடலாம். பாலிப்பையும் எடுத்து ஒரு நாள் படுக்கையிலும் இருந்தால் அது பல மடங்காகும். அரசு மருத்துவமனையில் பணத்துக்குப் பதிலாக நேரத்தைக் கொடுக்க வேண்டும். காலை ஏழு மணிக்கே எண் எடுக்கும் வரிசை வாசல்வரை நீண்டிருக்கும். மருத்துவரைப் பார்க்க நண்பகலும் ஆகலாம், அதைத் தாண்டியும் போகலாம்.

சிறப்பு மருத்துவர் இளைஞர், மலாய்க்காரர். அக்காளை “ஆன்டி” என்று அழைத்துப் பொறுமையாகப் பேசினார். வயிற்றை அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்தாமல், வாயைத் திறக்கச் சொல்லி உதட்டின் உட்புறத்தையும் கன்னத்தின் உட்புறத்தையும் சிறு விளக்கு அடித்துப் பார்த்தார். அக்காள் வெற்றிலை போடுபவர் என்பதால் அங்கே கறை படிந்திருந்தது. மருத்துவர் ஈரப்பஞ்சால் அந்த இடத்தைத் தேய்த்து, கறை நீங்கிய பிறகு மறுபடியும் பார்த்தார். அடுத்து விரல் நகங்களையும், தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதா என்பதையும் கவனித்தார். பெற்றோர், உடன்பிறந்தார் எவருக்காவது பெருங்குடலில் பாலிப் இருந்ததா, வயிற்றுப் புற்றுநோய் வந்ததா என்றும் கேட்டார்.

இவ்வளவையும் பார்த்ததற்குக் காரணம் உண்டு. வயிற்றில் பாலிப் வரவழைக்கும் அரிய நோய்கள் சில, வயிற்றுக்கு வெளியேதான் அடையாளம் காட்டும். 1921இல் ஹாலந்து மருத்துவர் பியூட்சும் பின்னர் 1949இல் அமெரிக்க மருத்துவர் ஜெகர்சும் விவரித்த பரம்பரை நோயில், உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கரும்புள்ளிகள் இருக்கும். வயது ஏறும்போது உதட்டுப் புள்ளிகள் மங்கிவிடக்கூடும், கன்னத்தின் உட்புறத்தில் உள்ளவை பெரும்பாலும் நிலைத்திருக்கும். 1955இல் குரோன்கைட், கனடா ஆகிய இருவர் எழுதிய இன்னொரு நோய் பரம்பரையாக வருவதில்லை. வயிறும் குடலும் முழுக்கப் பாலிப் நிறைவதோடு, முடி உதிர்ந்து, நகம் சிதைந்து, தோல் கறுத்து, ஓயாத பேதியும் வரும். பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும் குடும்பங்களிலும் வயிற்றில் பாலிப் காணப்படுவது வழக்கம். அதனால்தான் உடன்பிறந்தாரைப் பற்றிய கேள்வி வந்தது. எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் ஸ்கோப் குழாயைக் கையில் எடுக்கும் முன்பே இந்நோய்களின் அடையாளம் உண்டா என்று பார்த்துக்கொண்ட மருத்துவரிடம் எனக்கு நம்பிக்கை வந்தது.

முதல் ஸ்கோப் எளிதாகவே முடிந்தது. இரவு உணவுக்குப் பிறகு எதுவும் உண்ணாமல் வரச் சொன்னார்கள். தொண்டையை மரத்துப்போகச் செய்யும் கசப்பு மருந்தைத் தெளித்தார்கள். இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கிடையே பிளாஸ்டிக் வளையம் ஒன்றைக் கொடுத்து, நரம்பு வழியாக மயக்க ஊசியைச் செலுத்தினார்கள். அது முழு மயக்கமில்லை, அரைத் தூக்கம்தான், வெளியே வந்த அக்காள், “எப்ப தம்பி போடப் போறாங்க?” என்று என்னிடம் கேட்டார். உறவினரை உள்ளே விடுவதில்லை. ஆனால் ஸ்கோப்பில் எடுத்த வண்ணப் படங்களைப் பிறகு மருத்துவர் எங்களிடம் காட்டி விளக்கினார்.

வயிற்றின் கீழ்ப்பகுதியில், சிறுகுடலுக்குள் திறக்கும் வாயிலின் அருகே, காம்போடு கூடிய சிவந்த சதை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அளவு ஏறத்தாழ 2 செ.மீ. அதன் மேற்பரப்பு புண்ணாகி, வெண்மையான படலம் படிந்திருந்தது. சுற்றிலும் சிறு சிறு புடைப்புகள் நான்கைந்து. ஒரு படத்தில் அந்தச் சதையைக் காணவில்லை; காம்பு மட்டும் வாயிலுக்குள் நீண்டிருந்தது. சதை வயிற்றின் அசைவில் சிறுகுடலுக்குள் நழுவிப்போய் வாயிலை அடைத்திருந்ததாக மருத்துவர் சொன்னார். நீர்த்தொட்டிக் குழாயில் மிதவை அடைத்துக்கொள்வதைப் போல, அது உள்ளே போனால் உணவு நின்றுவிடும், திரும்பி வந்தால் வழி திறந்துவிடும். வயிற்றுப் பாலிப்புகளில் பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாமல், வேறு எதற்கோ ஸ்கோப் செய்யும்போது தற்செயலாகக் கண்ணில் படுபவை. இப்படி வாயிலை அடைத்துத் தொல்லை கொடுப்பது அபூர்வம். அக்காள் சொன்ன வாய்வு வந்து வந்து போனதற்குக் காரணம் அந்தப் படத்திலேயே தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு நல்ல பிரிவின் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். சில இடங்களில் பாலிப்பிலிருந்து மட்டும் ஒரு துணுக்கை எடுத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். இங்கோ, பாலிப் இல்லாத இடங்களிலிருந்தும், அதாவது வயிற்றின் கீழ்ப்பகுதியிலிருந்தும் நடுப்பகுதியிலிருந்தும் தனித்தனியே துணுக்குகளை எடுத்து, வெவ்வேறு சிறு குப்பிகளில் ஃபார்மலினில் போட்டு, ஒவ்வொன்றிலும் எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். பாலிப் எந்த வகையானாலும், அது முளைத்த உட்சுவரின் நிலை தெரியாமல் சிகிச்சையைத் தீர்மானிக்க முடியாது. மேலும், மேற்பரப்பில் கிள்ளி எடுக்கும் துணுக்கு எல்லா வகையையும் காட்டிக் கொடுப்பதுமில்லை. 1949இல் வானெக் என்பவர் முதலில் விவரித்த ஒரு அரிய பாலிப், உட்சுவரின் மேற்பரப்புக்குக் கீழே உள்ள அடுக்கில் வளர்வது. கெடுதி செய்யாத அந்தக் கட்டி பெரும்பாலும் வயிற்றின் இதே கீழ்ப்பகுதியில்தான் வரும், மேலே கிள்ளினால் அகப்படாமல் போகலாம். முழுவதும் எடுத்துப் பார்த்தால்தான் வகை உறுதியாகும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

ஆய்வறிக்கை வரப் பல வாரங்கள் பிடித்தன. தொலைபேசியில் கேட்டால் ஒரு பிரிவு இன்னொரு பிரிவுக்கு மாற்றிவிடும், அங்கே யாரும் எடுக்கமாட்டார்கள். “ஒன்றுமில்லை என்றால் அழைக்கமாட்டோம்” என்று ஒரு முகப்பிட ஊழியர் சொன்னது ஆறுதலாகத் தோன்றலாம். ஆனால் அழைப்பு வராததற்கு ஒன்றுமில்லை என்பது காரணமா, அறிக்கை இன்னும் வரவில்லை என்பது காரணமா என்று காத்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? குறுஞ்செய்தி ஒன்றை அனுப்பினாலே தீரக்கூடிய குறை இது.

அறிக்கை வந்தபோது விளக்கம் முழுமையாகக் கிடைத்தது. அக்காளுடையது ஹைப்பர்பிளாஸ்டிக் என்ற வகை. வயிற்றின் உட்சுவர் நீண்ட நாள் அழற்சியால் திரும்பத் திரும்பப் புண்படுகிறது. ஒவ்வொரு முறையும் அதை ஆற்றப் புதிய செல்கள் பெருகுகின்றன. ஆற்றும் வேலை அளவு மீறிப்போகும்போது, மேற்பரப்பின் நுண்குழிகள் நீண்டு, முறுக்கிக்கொண்டு, நீர்ப்பைகளாக விரிந்து, வீக்கத்தோடு மேலெழுந்து பாலிப்பாகின்றன. புண்ணான அதன் மேற்பரப்பிலிருந்து துளித் துளியாக இரத்தம் கசியும். கண்ணுக்குத் தெரியாத அந்தக் கசிவுதான் இரும்புச்சத்தைத் தீர்த்திருந்தது. பக்கத்துச் சுவரிலிருந்து எடுத்த துணுக்குகள் அழற்சிக்கான காரணத்தையும் காட்டின: ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி.

1982இல் ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்து, 2005இல் நோபல் பரிசு பெற்றது வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் இந்தக் கிருமிக்காகத்தான். வயிற்றுப்புண்ணுக்குக் காரமும் கவலையும்தான் காரணம் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. மலேசிய ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொன்றும் உண்டு: இந்நாட்டில் இந்தக் கிருமி இந்தியர்களிடம் அதிகம், மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. பெரும்பாலும் சிறுவயதிலேயே வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் கிருமி என்பதால், லயத்து வீடுகளில் நெருக்கமாக வளர்ந்த எங்கள் தலைமுறை இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

அதே நாளில் எங்கள் பக்கத்தில் காத்திருந்த ஒருவருக்கும் வயிற்றில் பாலிப்தான். ஆனால் வேறு வகை. ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கு வயிற்றின் மேற்பகுதியில் சிறிய, வழவழப்பான பாலிப்புகள் பல தோன்றலாம். அவை புற்றாக மாறுவது மிக அரிது, பரம்பரைக் குடல் பாலிப் நோய் இருந்தால்தான் கவலை. அவருக்குப் பாலிப்பை எடுக்கவில்லை, மாத்திரை இன்னும் தேவைதானா என்பதை மட்டும் மறுபரிசீலனை செய்தார்கள். சிறிதாக இருப்பதால் விட்டுவிடலாம் என்று எல்லா வகையையும் எண்ணிவிடவும் கூடாது. உடலின் எதிர்ப்புச் சக்தியே வயிற்றுச் சுரப்பிகளை அழிக்கும் நோயில், அமிலம் குறைகிறது; அதை ஈடுகட்ட காஸ்ட்ரின் என்னும் ஹார்மோன் கூடுகிறது. அது வேறொரு செல்வகையைத் தூண்டிவிட, சிறு நரம்பு-நாளமில்லாக் கட்டிகள் பாலிப் உருவில் எழுகின்றன. அத்தகையோருக்கு பி12 வைட்டமினும் குறையும். அடினோமா என்ற வகையோ புற்றுக்கு முந்திய நிலை. அதை முழுவதும் எடுத்தே ஆக வேண்டும். அகன்று படர்ந்த அடினோமாவாக இருந்தால், உட்சுவரின் அடுக்கைக் கீழிருந்து சீவியெடுக்கும் ஜப்பானிய முறை தேவைப்படலாம். அதற்கு இந்தப் பிரிவு வேறு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறது. தன்னால் செய்ய முடியாததை முடியாது என்று சொல்வதையும் நான் ஒரு தகுதியாகவே கருதுகிறேன்.

அக்காளுக்கு வகுத்த சிகிச்சையில் நிதானம் இருந்தது. கிருமியை ஒழித்தாலே இவ்வகைப் பாலிப்புகளில் பல சுருங்கி மறைந்துவிடும் என்பதால், சிறு புடைப்புகளை மருந்துக்கு விட்டார்கள். காம்புள்ள பெரியதோ இரத்தம் கசிவது, வழியை அடைப்பது, 1 செ.மீ.க்கு மேற்பட்டது; பெரிதாக வளர்ந்தவற்றில் ஒரு சிறு பங்கு உள்ளுக்குள் புற்றுமாற்றம் கொண்டிருக்கக்கூடும் என்பதால் அதை எடுப்பதென்று முடிவாயிற்று. முதலில் 14 நாட்களுக்கு மருந்து: அமிலக் குறைப்பு மாத்திரையோடு அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின் என்னும் இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகள். மருந்தகச் சன்னலில் இருந்த பெண் பென்சிலின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டதோடு விடவில்லை. அக்காளின் மருந்துப் பையை வாங்கிக் கொட்டிப் பார்த்து, கொழுப்புக்கான சிம்வாஸ்டேட்டின் மாத்திரையைத் தனியே எடுத்து, அந்த இரு வாரமும் அதைத் தொடக்கூடாது என்று உறைமேல் பெரிதாக எழுதிக் கொடுத்தார். கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் சிம்வாஸ்டேட்டின் இரத்தத்தில் ஏறித் தசைகளைச் சிதைக்கக்கூடும். அவசரத்தில் நடக்கும் ஒரு சாளரத்தில் இந்தக் கவனத்தை நான் எதிர்பார்க்கவில்லை. வயிற்றைப் புண்ணாக்கக்கூடிய முழங்கால் வலி மாத்திரையை நிறுத்தி வேறு மாற்றிக் கொடுத்ததும் இதே வரிசையில்தான். மருந்து உட்கொண்ட காலம் முழுவதும் வாயில் இரும்புக் கசப்பு. “கோப்பிகூட கோப்பியா இல்ல” என்றார் அக்காள். ஆனாலும் முழுவதும் உட்கொண்டார்.

பாலிப்பை எடுக்க ஒரு நாள் படுக்கையில் சேர்த்தார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவரா என்று தாதியர் இரண்டு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். வயிற்றுச் சுவரில் இரத்த ஓட்டம் அதிகம், அங்கே பாலிப்பை எடுத்தால் இரத்தக் கசிவுக்கு வாய்ப்புண்டு. சுவர் துளைபடுவது அதைவிட அரிது. இரண்டையும் மறைக்காமல் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். ஸ்கோப் குழாய்க்குள்ளேயே ஊசியைச் செலுத்தி, காம்பில் நீர்த்த அட்ரினலினைப் போட்டு இரத்த ஓட்டத்தைக் குறைத்தார்கள். மெல்லிய கம்பிச் சுருக்கு ஒன்றைக் காம்பைச் சுற்றி இறுக்கி, மின்சாரம் பாய்ச்சி அறுத்தார்கள். வெட்டிய இடத்தில் இரண்டு சிறு உலோகக் கவ்விகளைப் போட்டார்கள். சதையை வலைபோன்ற பையில் பிடித்து வாய்வழியே வெளியே எடுத்து, மறுபடியும் ஆய்வுக்கு அனுப்பினார்கள். முழுச் சதையின் அறிக்கையிலும் புற்றுமாற்றம் இல்லை என்றே வந்தது.

வீட்டுக்கு அனுப்பும்போது, கரிய மலம் போனால் உடனே வரச் சொன்னார்கள். இரும்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு மலம் கறுப்பாகத்தான் போகும் என்பதை அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவர்தான் நினைவுபடுத்தி, “அம்மா, தார் மாதிரி ஒட்டிக்கிட்டு நாத்தம் அடிச்சா மட்டும் பயப்படுங்க” என்று விளக்கினார். அவர் பணியில் இல்லாத நாளாக இருந்திருந்தால், அச்சிட்டுக் கொடுத்த தாளை வைத்துக்கொண்டு நாங்கள் முதல் நாளே அவசரப் பிரிவுக்கு ஓடியிருப்போம். அந்தத் தாளும், ஒப்புதல் படிவமும் மலாய்மொழியில் மட்டுமே இருக்கின்றன. தோட்டத்தில் வளர்ந்த முதியவர்கள் பலர் மலாய் பேசுவார்கள். மருத்துவ மலாயைப் படித்து விளங்கிக்கொள்வது வேறு. இவ்வளவு தமிழ் நோயாளிகள் வரும் வட்டாரத்தில் ஒரு பக்கத் தமிழ்த்தாள் கேட்பது பேராசையாகாது.

பெரிய குறை ஒன்று உண்டு. கிருமி ஒழிந்ததா என்று பார்க்க மூச்சுச் சோதனை செய்வார்கள். நுண்ணுயிர்க்கொல்லி முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழிந்திருக்க வேண்டும். அமிலக் குறைப்பு மாத்திரையை இரு வாரம் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லையேல் கிருமி இருந்தும் இல்லையென்று காட்டிவிடும். பாலிப் எடுத்த புண் ஆறுவதற்கென்று கொடுத்த அதே வகை மாத்திரையை அக்காள் ஒழுங்காக உட்கொண்டுதான் சோதனைக்குப் போனார், ஏனெனில் நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நாள் குறித்த அட்டையிலும் அந்த வரி இல்லை. வாசலில் கேட்டுத் தெரிந்துகொண்டு சோதனையைத் தள்ளிப்போட்டார்கள். அரை நாள் சம்பளம் இழந்து வண்டி பிடித்து வந்த இன்னும் சிலரும் எங்களைப் போலவே அதே காரணத்துக்காகத் திரும்பிப் போனார்கள். மருந்துகளை இவ்வளவு நுணுக்கமாகக் கவனிக்கும் ஒரு மருத்துவமனையில், நாள் குறிக்கும் மேசைக்கு மட்டும் அந்தக் கவனம் எட்டாமல் போவது வருத்தம் தருகிறது. மறு முறை சோதனை சரியாக நடந்தது. கிருமி இல்லை என்று வந்தது.

ஆகவே, இரும்புச்சத்துக் குறைவு, ஆறாத வயிற்று உபாதை, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை உள்ளவர்கள் பணத்தை எண்ணித் தயங்காமல் கிளினிக்கில் கடிதம் வாங்கி இத்தகைய அரசுப் பிரிவுக்குச் செல்லலாம். திடீரென்று விழுங்க முடியாமல் போவது, இரத்த வாந்தி, தார் போன்ற மலம் ஆகியவை இருந்தால் கடிதத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். போகும்போது உட்கொள்ளும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். பாலிப்பைத் தவிர உட்சுவரிலிருந்தும் துணுக்கு எடுத்தார்களா, அறிக்கையின் நகல் எப்போது கிடைக்கும், மூச்சுச் சோதனைக்கு முன் எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். கேட்டால் பதில் சொல்கிறார்கள். அக்காளின் உட்சுவரில் மெலிவும், குடலைப் போன்ற செல்மாற்றமும் சில இடங்களில் இருந்ததால், ஓராண்டு கழித்து மறுபடியும் ஸ்கோப் செய்ய நாள் கொடுத்திருக்கிறார்கள். இந்த முறை அட்டையில், எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டோம்.